குவாரிக்காரர் வாங்கிய கையெழுத்து செல்லுமா?

கேள்வி: ராதாபுரம் பக்கம் எங்கள் ஊர். என் வீட்டுக்காரர் கல் குவாரியில் ஜாக்ஹாமர் ஓட்டினார். 2025 ஜூனில் மேலிருந்து பாறை சரிந்து அங்கேயே இறந்துவிட்டார். வயது 40, தினக்கூலி 700 ரூபாய். பதினாறாம் நாள் முடிந்ததும் 2 லட்சம் தந்து, 'இனி எதுவும் கேட்க மாட்டேன்' என்று பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். இப்போது போய்க் கேட்டால், 'அவர் ஹெல்மெட் போடவில்லை. அதுவும் கான்ட்ராக்டர் ஆள்' என்கிறார்கள். இரண்டு சின்னப் பிள்ளைகள். ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியும் அம்மா. முதலில் அந்தப் பத்திரத்தைப் பற்றிய பயத்தை விடுங்கள். இழப்பீட்டு உரிமையை விட்டுத்தருவதாகத் தொழிலாளி எழுதிக்கொடுத்தாலும் செல்லாது என்று 1923-ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. சாவு நடந்த வீட்டில் பணத்தை நேரே கையில் கொடுப்பதையும் சட்டம் இழப்பீடாக ஏற்பதில்லை; தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். மூன்று மாதச் சம்பளம் அளவுக்கு மட்டும் முன்பணமாகக் கழிக்க இடமுண்டு.

ஹெல்மெட் கதையும் எடுபடாது. காயம்பட்டவர் விஷயத்தில் அப்படி வாதாடலாம். உயிரே போன பிறகு அந்த வாதத்துக்குச் சட்டம் இடம் தரவில்லை. கான்ட்ராக்டர் ஆள் என்றாலும் 12-ஆம் பிரிவுப்படி குவாரிக்காரர்தான் பொறுப்பு. கொடுத்ததை அவர் கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளட்டும், அது அவர்கள் பாடு.

சரி, எவ்வளவு வரும்? கணக்குக்கு மாதச் சம்பளம் அதிகபட்சம் 15,000. அதில் பாதி 7,500. அதை 40 வயதுக்கு அந்தச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள 184.17-ஆல் பெருக்கினால் 13,81,275 ரூபாய். ஒரு மாதத்துக்குள் கட்டாததால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. தக்க காரணம் இல்லாவிட்டால் 50 சதவீதம் வரை அபராதமும் உண்டு. இவ்வளவு பெறவேண்டிய குடும்பத்துக்கு 2 லட்சத்தைக் கொடுத்து வாயடைத்ததை நினைத்தால் வயிறு எரிகிறது.

2025 நவம்பர் 21 முதல் இந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாகச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டதே என்று யாராவது குழப்பலாம். விபத்து நடந்த அன்றே உங்கள் உரிமை பிறந்துவிட்டது. அது எங்கும் போகாது. ஆனால் இரண்டு வருடக் கெடு இருக்கிறது. 2027 ஜூனுக்குள் தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையர் முன் மனு போட்டாக வேண்டும். நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய ஆணையரிடமே போடலாம். பிள்ளைகள் பெயரையும், மாமியார் விதவை என்றால் அவர் பெயரையும் சேருங்கள்.

இன்னொன்றையும் விடாதீர்கள். குவாரியில் சாவு நடந்தால் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்துக்குத் தகவல் போக வேண்டும். அவர்கள் வந்து விசாரிப்பார்கள். கெட்டிப் பாறையிலும் படிப்படியாகத்தான் வெட்ட வேண்டும், ஒரு படி 6 மீட்டர் உயரத்தைத் தாண்டக்கூடாது என்பது விதி. 2022 மே மாதம் திருநெல்வேலி மாவட்டம் முன்னீர்பள்ளம் பக்கம் அடைமிதிப்பான்குளத்தில் பாறை சரிந்து 4 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகும் செங்குத்தாகவே வெட்டிக்கொண்டு போகிற இடங்கள் இருக்கின்றன. உங்கள் வீட்டுக்காரர் நின்ற இடம் எப்படி இருந்தது என்று அந்த விசாரணை அறிக்கையில் பதிவாகியிருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அலட்சியத்தால் மரணம் என்ற போலீஸ் வழக்கு தனி. அதை வாபஸ் வாங்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்றிதழ், வயதுக்கு ஆதார் இவற்றை எடுத்துவையுங்கள். மஸ்டர் ரோலில் (வருகைப் பதிவேட்டில்) அவர் பெயர் இல்லை என்று சொல்வார்கள். சம்பளம் ஜிபேயில் வந்திருந்தால் அந்தப் போனைப் பத்திரமாக வையுங்கள். அன்று கூட வேலை பார்த்த இரண்டு பேர் சாட்சி சொன்னால் வழக்கு நிற்கும். அவர்கள் வேறு குவாரிக்கு வேலைக்குப் போய்விடுவதற்குள் பெயரும் நம்பரும் வாங்கிவிடுங்கள். இந்த வாரமே போங்கள்.