சொந்தத் தொழிலுக்குப் போகும்முன் பிஎஃப் பணத்தை எடுக்கலாமா?

கேள்வி: தனியார் நிறுவனம் ஒன்றில் ஏசி சர்வீஸ் மேற்பார்வையாளராக ஒன்பது வருடம் நான்கு மாதமாக வேலை செய்கிறேன். வயது 34. வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக சர்வீஸ் தொழில் தொடங்க முடிவு செய்துவிட்டேன். பிஎஃப், பென்ஷன் இரண்டையும் மொத்தமாக எடுத்துத் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். பத்து சதவீத கமிஷன் கேட்கிறார். எடுத்துத் தொழிலில் போடலாமா?

பதில்: தொழில் கையில் இருக்கிறது, வயதும் இருக்கிறது. தனியாகப் போவதில் தவறே இல்லை. ஆனால் ராஜினாமா கடிதத்தை இந்த மாதம் கொடுத்துவிடாதீர்கள். ஏஜென்டிடம் ஆதார் ஓடிபியை எந்த மாதமும் கொடுக்காதீர்கள்.

முதலில் தேதி. பிஎஃப் பென்ஷனுக்குப் பத்து வருட சேவை வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆறு மாதமும் அதற்கு மேலும் உள்ள பகுதியை ஒரு முழு வருடமாக எடுத்துக்கொள்வார்கள் என்பது பலருக்குத் தெரியாது. அதாவது ஒன்பதரை வருடம் முடிந்தால் பத்து வருடக் கணக்கு. நீங்கள் அந்தக் கோட்டுக்கு இரண்டு மாதம் முன்னால் நிற்கிறீர்கள். கிராஜுவிட்டி எனும் பணிக்கொடையிலும் இதே போலத்தான்: கடைசி வருடத்தில் ஆறு மாதத்தைத் தாண்டிவிட்டால் முழு வருடத்துக்கும் பணம் உண்டு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 18,000 ரூபாய் என்றால், அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்குங்கள். ஒரு வருடத்துக்குப் பத்தாயிரத்துக்கும் கொஞ்சம் மேலே வரும். இரண்டரை மாதம் பொறுத்தால் இரண்டும் கிடைக்கும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். நீங்கள் சேர்ந்த தேதியிலிருந்து காலண்டரில் எண்ணுவதை அப்படியே நம்பாதீர்கள். சம்பளமில்லா விடுப்பு எடுத்து, அந்த நாட்களுக்குப் பங்களிப்பு போகாமல் இருந்தால், பென்ஷன் சேவையில் அந்த நாட்கள் கழியும். காய்ச்சலில் படுத்த பத்து நாள், ஊருக்குப் போய் நீண்ட இருபது நாள் எல்லாம் இந்தக் கணக்கில் வந்து நிற்கும். முதல் சில மாதம் உங்களை ஒப்பந்தக்காரர் பெயரில் வைத்திருந்து பிஎஃப் பிடிக்காமல் விட்டிருந்தால் அதுவும் சேராது. ஆகவே பிஎஃப் பாஸ்புக்கை எடுத்து மாதம் மாதமாக, பென்ஷன் பத்தியில் தொகை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். விடுபட்ட நாட்கள் எத்தனையோ, அத்தனை நாள் கூடுதலாக வேலையில் இருங்கள். நோட்டீஸ் காலத்தில் வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கினால் அதுவும் சேவைதான். கடைசி வேலை நாள் கோட்டுக்கு அந்தப் பக்கம் விழும்படி கடிதத்தைக் கொடுத்தால் போதும்.

பென்ஷன் பெரிய தொகை இல்லை என்பது உண்மை. பென்ஷன் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்பில் பத்து வருடத்துக்கு, 58 வயதில் மாதம் சுமார் 2,140 ரூபாய். ஆனால் இந்தத் தகுதி வந்துவிட்டால், வேலையை விட்ட பிறகு 58-க்கு முன் உங்களுக்கு ஏதாவது ஆனாலும் மனைவிக்கு ஓய்வூதியம் உண்டு. கூரைமேல் ஏறி வெளியூனிட்டைக் கழற்றும் தொழில் செய்பவர் இதை யோசிக்கவேண்டும். தகுதி வந்தபின் பென்ஷன் பணத்தை மொத்தமாக எடுக்க முடியாது. அதற்கான சான்றிதழ்தான் தருவார்கள். இரண்டையும் எடுத்துத் தருவதாகச் சொல்லும் ஏஜென்ட் உங்களை அவசரப்படுத்துவது இதனால்தான்.

இனி அந்த ஏஜென்ட். பிஎஃப் விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது. யூஏஎன் எனும் பிஎஃப் உறுப்பினர் எண், பாஸ்வேர்டு, ஓடிபி மூன்றையும் வாங்கிக்கொள்பவர் உங்கள் பெயரில் எதையும் எழுதலாம். வேலையில் இருக்கும்போதே, இல்லாத நோயைக் காட்டி முன்பணம் எடுத்துத் தருபவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கமிஷனோடு அவர் போய்விடுவார், பொய் விண்ணப்பத்துக்குப் பதில் சொல்லவேண்டியவர் நீங்கள்.

இவர்கள் பிழைப்பதற்கு அமைப்பும் ஒரு காரணம். ஆதாரில் இனிஷியல் பின்னால், பான் கார்டில் அப்பா பெயர் விரிவாக, நிறுவனத்தின் பதிவில் இனிஷியலே இல்லை. இதற்காக ஒருவருடைய சொந்தப் பணத்தை நிறுத்திவைத்து, காரணத்தை ஒற்றை வரி ஆங்கிலத்தில் அனுப்புகிறார்கள். தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு இனிஷியல் உண்டு என்பது இத்தனை வருடமாகியும் ஒரு கணினிக்குப் புரியவில்லை என்றால் கோபம் வராமல் என்ன செய்யும்? உங்களுடைய யூஏஎன் 2017 அக்டோபருக்கு முன் வாங்கியதாக இருந்தால் பெயர்த் திருத்தத்துக்கு நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். எச்.ஆர். உங்களுக்கு வணக்கம் சொல்லும் காலத்திலேயே அதை முடித்துவிடுங்கள். விட்ட பிறகு போனை எடுக்கமாட்டார்கள். விலகிய தேதியைப் பதிய மறந்தாலும் பரவாயில்லை, கடைசிப் பங்களிப்பு போய் இரண்டு மாதம் கழித்து நீங்களே பதியலாம்.

சரி, முதலீடு? பிஎஃப் பணத்தைத் தொடாதீர்கள் என்பதே என் கருத்து. வேலையை விட்டாலும் 58 வயது வரை வட்டி சேரும், 2024-25-க்கு 8.25 சதவீதம் கொடுத்தார்கள். கையில் இருக்கும் கருவிகளோடு, கிராஜுவிட்டிப் பணத்தில் தொடங்க முடிகிற தொழில் உங்களுடையது. வண்டி, கருவிக்குப் போதாவிட்டால் முத்ரா கடன் கேளுங்கள். அதற்குச் சொத்து ஈடு தேவையில்லை. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவும் இலவசம். அதற்கும் அரசுத் தளம்போலவே பக்கம் வைத்துப் பணம் பிடுங்குகிறார்கள், எச்சரிக்கை. 'மானியம் கையில் வரும்' என்று பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தைக் காட்டிக் கமிஷன் கேட்பவரையும் அனுப்பிவிடுங்கள். அந்த மானியம் வங்கியில் மூன்று வருடம் வைப்பாகக் கிடந்து, பிறகு கடனில்தான் கழியும்.

அப்புறம், வேலையோடு சேர்ந்து பிஎஃப் காப்பீடும் நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடும் நின்றுவிடும். கடைசி நாளுக்கு முன்பே சொந்தமாக இரண்டு பாலிசி எடுத்துவிடுங்கள்.

பெயர்த் திருத்தத்தில் எங்காவது சிக்கினால், ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் பிஎஃப் அலுவலகம் முகாம் நடத்துகிறது. ஆதார், பான், பாஸ்புக் நகல், சேர்ந்த தேதி உள்ள நியமனக் கடிதம் ஆகியவற்றோடு நேரில் போங்கள்; மனுவுக்கு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.