தை அறுவடைப் பணத்தில் மாடு வாங்கலாமா?

மன்னார்குடி பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "இரண்டரை ஏக்கரில் சம்பா ஒரு போகம்தான். தண்ணீருக்கு ஒரு சிறிய ஆழ்துளைக் கிணறு உண்டு. தையில் நெல் பணம் வந்ததும் அதை முன்பணமாகக் கட்டி, வங்கிக் கடனில் இரண்டு கலப்பினக் கறவை மாடு வாங்க நினைக்கிறேன். தவணையை மாதாமாதம் கட்டுவதா, அறுவடைக்கு அறுவடை கட்டுவதா? மிச்சப் பணத்தில் ஆடும் வாங்கலாமா?"

கையில் காசு வரும் மாதத்தில்தான் மாடு வாங்கத் தோன்றும். ஆனால் எப்போது வாங்குவது என்பதை மாட்டின் ஈற்றும் தீவனமும்தான் தீர்மானிக்க வேண்டும்.

மாசியில், கன்று போட்டு இரண்டு வாரமான ஜெர்சி கலப்பு மாட்டைப் பிடித்து வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கன்று போட்ட ஆறாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் பால் உச்சத்துக்கு வரும். அது சரியாகப் பங்குனி, சித்திரை. வாய்க்காலில் தண்ணீர் இல்லை, வரப்பில் புல் இல்லை. கலப்பின மாடு வெயிலில் தீனியைக் குறைக்கும், பாலும் இறங்கும். அதைவிடப் பெரிய அடி அடுத்து வரும். கன்று போட்டு இரண்டு மூன்று மாதத்தில் மாடு மறுபடி சினை பிடிக்க வேண்டும். அந்த நேரம் சித்திரை, வைகாசி வெயிலில் விழுகிறது. பருவ அறிகுறி மங்கலாகத் தெரியும், சினை ஊசி போட்டாலும் சினை நிற்காது. ஒரு பருவம் தவறினால் 21 நாள் போச்சு. மூன்று தவறினால் இரண்டு மாதம் வெறும் தீனி போடுவீர்கள். அந்த இரண்டு மாதத்துக்கும் வங்கித் தவணை உண்டு.

அதனால் முதல் மாட்டை ஆடிக் கடைசி அல்லது ஆவணியில் வாங்குங்கள். ஆடியில் நல்ல காரியம் வேண்டாம் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால் ஆவணி வரை பொறுத்தால் குடி முழுகிவிடாது. அணைத் தண்ணீர் வந்து வரப்புகள் பசுமையாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழைக்குளிர்ச்சியில் சினை பிடித்தால், ஒன்பது மாதம் பத்து நாள் கழித்து மறுபடி ஆவணியை ஒட்டிக் கன்று போடும். அப்புறம் ஒரு விஷயம். ஐப்பசி, கார்த்திகைதான் சம்பாவுக்கு உரம், களை என்று செலவு இழுக்கும் மாதங்கள். வயலிலிருந்து ஒரு பைசா வராது. அப்போது பால் பணம் வீட்டைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் மழைக்கு முன்பே கொட்டகைத் தரையை மேடாக்கிவிடுங்கள். ஈரத்தரையில் படுத்தால் மடிநோய் வரும்.

இரண்டாவது மாட்டைச் சேர்த்தே வாங்காதீர்கள். ஐந்து மாதம் கழித்து, தை பிறந்ததும் வாங்குங்கள். அதுவும் மார்கழியில் கன்று போட்டதாகப் பார்த்து எடுத்தால், வெயில் ஏறும் முன் மாசி, பங்குனித் தொடக்கத்துக்குள் சினை ஊசி போட்டுவிடலாம். இப்படி இடைவெளி விட்டால் ஒன்று பால் வற்றி நிற்கும்போது மற்றது கறந்துகொண்டிருக்கும். கடனையும் இரண்டு கட்டமாகத் தரச் சொல்லிக் கேளுங்கள், வங்கிகளுக்கு இது பழக்கமான ஏற்பாடுதான்.

அப்படியானால் வரும் தையில் கிடைக்கும் பணத்தை என்ன செய்வது? வைக்கோல் வாங்குங்கள். அறுவடை சமயத்தில் வைக்கோல் மலிவு, ஐப்பசி மழையில் அதே வைக்கோலுக்கு அலைய வேண்டும். ஒரு மாட்டுக்கு நாளுக்கு 6 கிலோ என்றால் ஆண்டுக்கு இரண்டு டன்னுக்கு மேல். உங்கள் வயல் வைக்கோலை அறுவடை இயந்திரக்காரரிடம் சும்மா விட்டுவிடாமல் கட்டிப் போர் போடுங்கள். மாசியில் மாட்டுக்குப் பத்து சென்ட் வீதம் கோ-5 கம்பு நேப்பியர் தீவனப்புல் கரணை நடுங்கள். முதல் வெட்டு 75 நாளில், அப்புறம் 45 நாளுக்கு ஒருமுறை. மாடு வருவதற்குள் புல் தயார்.

இனி தவணை. அறுவடைக்கு அறுவடை கட்டுவது சுலபம் போலத் தெரியும். ஆனால் தை, மாசிப் பணத்துக்கு ஏற்கெனவே எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்: கூட்டுறவு சொசைட்டிப் பயிர்க்கடன், நகைக்கடன், ஆள் கூலி, வீட்டு விசேஷம். சொசைட்டிக் கடனைக் கெடுவுக்குள் கட்டினால்தான் வட்டி இல்லை, அதனால் அதற்குத்தான் முதல் மரியாதை. மாட்டுக்கடனின் விதியும் வேறு. நெல் போன்ற குறுகிய காலப் பயிர்க்கடன் இரண்டு பருவம் தவறிய பிறகே வாராக்கடன் ஆகும். மாடு வாங்கிய கடனுக்கு அந்தச் சலுகை கிடையாது, 90 நாள் பாக்கி நின்றாலே போதும். பத்து நாளைக்கு ஒருமுறையோ பதினைந்து நாளைக்கு ஒருமுறையோ பால் பணம் வருவதால் மாதத் தவணைதான் பொருத்தம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மாட்டுக்கு 50,000 ரூபாய் கடன், 11 சதவீத வட்டி, மூன்று ஆண்டு என்றால் தவணை மாதம் சுமார் 1,640 ரூபாய். சராசரி 8 லிட்டர் பால், லிட்டர் 35 ரூபாய் என்றால் மாதம் 8,400. அடர்தீவனமும் மருந்தும் போக 3,500 மிஞ்சலாம். இதைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். கன்று போடுவதற்கு முன் இரண்டு மாதம் கறவை நிறுத்த வேண்டும். அந்த இரண்டு மாதமும் தவணையோடு தீனிச் செலவையும் சேர்த்தால் 7,000 தேவைப்படும். கறக்கும் பத்து மாதமும் மாதம் 700 ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். நான் பார்த்தவரை மாட்டுக்கடன் இடறுவது பெரும்பாலும் இந்த இரண்டு மாதத்தில்தான். தவணை தொடங்கும் நாளைத் தள்ளிப் போடச் சொல்லியும் கேட்க வேண்டாம். கறக்கும் மாடு முதல் நாளே பால் தருகிறது, தள்ளிப் போட்டால் வட்டிதான் ஏறும்.

கால்நடைக்கான கிசான் கடன் அட்டையைப் பலரும் மாடு வாங்கும் கடன் என்று நினைக்கிறார்கள். அது தீவனம், மருத்துவம் போன்ற நடைமுறைச் செலவுக்கானது. 2 லட்சம் வரை 7 சதவீத வட்டி, கெடுவுக்குள் கட்டினால் 3 சதவீதம் தள்ளுபடி போக 4 சதவீதம். வைக்கோலுக்கும் தவிடு புண்ணாக்குக்கும் அதை எடுக்கலாம். மாடு வாங்குவதற்குத் தனியாகத் தவணைக் கடன் கேட்க வேண்டும்.

சந்தையில் ஒரு வேளை கறந்து காட்டுவதை நம்பாதீர்கள். விற்பவர் வீட்டுக்கே போய் அடுத்தடுத்து மூன்று வேளை கறந்து பாருங்கள், இரண்டாம் ஈற்றாக இருந்தால் நல்லது. காதில் அடையாள வில்லை போட்டுக் காப்பீடு எடுத்த பிறகு வண்டியில் ஏற்றுங்கள். வில்லை தொலைந்தால் உடனே தெரிவித்து மாற்றிக்கொள்ளுங்கள், அது இல்லாமல் இழப்பீடு கேட்டுப் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

ஆடு? புரட்டாசியில் கறி சாப்பிடாதவர்கள் அதிகம் என்பதால் விலை இறங்கும், வாங்கக் கை துறுதுறுக்கும். அடுத்த மாதமே வடகிழக்குப் பருவமழை. தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய பரண் இல்லாமல் ஈரத்தில் நின்றால் சளியும் குளம்பு அழுகலும் வந்து, மலிவாக வாங்கிய லாபம் போய்விடும். உங்கள் ஊரில் உளுந்து எடுத்த பிறகு வயல் திறந்திருப்பது மூன்று மாதம்தான். மீதி மாதமெல்லாம் ஆட்டைக் கட்டிப்போட்டு வளர்க்க வேண்டும், இல்லையென்றால் பக்கத்து வயல்காரரோடு சண்டை. ஐந்து மாதச் சினை, குட்டி விற்கும் அளவுக்கு வளர ஆறு மாதம் என்று முதல் காசு வரவே ஓராண்டு ஆகும். அதற்கு மாதத் தவணைக் கடன் ஒத்துவராது. இரண்டாவது மாடு ஒருமுறை கன்று போட்ட பிறகு, கடன் இல்லாமல் சொந்தக் காசில் நான்கு பெட்டை ஆடு வாங்கிப் பாருங்கள்.