தைப்பொங்கலுக்கு முற்றத்தில் பொங்கும்போது போன வருசம் அரிசி வேகவில்லை, பாலும் சரியாகப் பொங்கி வழியவில்லை. யாழ்ப்பாணத்தில் எட்டுப் பேருக்குப் பொங்க அளவும் முறையும் என்ன?

அரிசி வேகாததற்குக் காரணம் பெரும்பாலும் சர்க்கரைதான் (வெல்லம்). பால் பொங்கின புளுகத்தில் அரிசி, பயறு, சர்க்கரை எல்லாவற்றையும் அடுத்தடுத்துக் கொட்டிவிடுவார்கள். சர்க்கரை தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். அரிசி அதற்குமேல் ஊதாது. பிறகு எவ்வளவு விறகு தள்ளினாலும் நடுமணி நறுக்கென்றே நிற்கும், அடியும் பிடிக்கும். ஒரு சோற்றை எடுத்து விரலால் நசித்துப் பாருங்கள். கட்டியில்லாமல் மசிந்த பிறகுதான் சர்க்கரைக்கு வேலை.

எட்டுப் பேருக்கு 2 சுண்டு (சுண்டு என்பது ரின்பால் பேணி அளவு) பச்சையரிசி, அரைச் சுண்டு வறுத்துக் குத்தின பயறு, 400 முதல் 500 கிராம் சர்க்கரை, பெரிய தேங்காய் ஒன்று, அரை லீற்றர் பசுப்பால் போதும். ஏலக்காய் ஆறு. கஜூவும் பிளம்ஸும் (உலர்திராட்சை) உங்கள் கையிருப்பைப் பொறுத்தது. தேங்காயின் முதற்பாலைத் தனியே எடுத்து மூடி வையுங்கள். இரண்டாம் மூன்றாம் பால், பசுப்பால், தண்ணீர் எல்லாம் சேர்த்து 10 சுண்டு வரவேண்டும். எங்கள் சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீரில் பயறு அவியச் சுணங்கும். தோல் போகாத பயறென்றால் தனியே அரை அவியலாக அவித்துக்கொள்வது நல்லது.

பால் வழியாததற்குக் காரணம் பானை. ஐந்தாறு லீற்றர்ப் பானையில் அரைவாசிக்கு ஊற்றிவிட்டுக் காத்திருந்தால் நுரை கழுத்துக்கு வந்து இறங்கிவிடும். இந்த அளவுக்கு 4 லீற்றர்ப் பானை காணும். வாய்க்குக் கீழே நாலு விரல் விட்டு ஊற்றுங்கள். மிச்சத்தைக் குசினியில் சூடாக வைத்திருந்து இடையிடையே சேர்க்கலாம். பச்சைத் தண்ணீர் சேர்த்தால் கொதி அடங்கும், மண்பானை வெடிக்கவும் கூடும். பால் பொங்கியதும் இரண்டு அகப்பை மொண்டு வைத்துவிட்டு அரிசியையும் பயறையும் போடுங்கள், இல்லையென்றால் வழிந்து அடுப்பை நூர்த்துவிடும். கிழக்கே வழிந்தால் நல்லதென்பார்கள். அதற்காகவே கிழக்குப் பக்கக் கல்லை ஒரு நூல் தாழ்த்தி வைக்கிற அம்மம்மாக்கள் உண்டு. அதில் பிழை ஒன்றும் இல்லை.

புதுப்பானையை முதல்நாள் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, காலையில் சாம்பலும் தேங்காய்ப் பொச்சும் போட்டுத் தேயுங்கள். கழுத்தில் மஞ்சள் இலையும் இஞ்சி இலையும் கட்டும்போது நெருப்பு எட்டாத உயரத்தில் கட்டவேண்டும்.

மாரி விட்டு அதிக நாளாகாததால் முற்றம் ஈரமாயிருக்கும். மெழுகிய இடத்தில் செங்கல் பரப்பி அதன்மேல் மூன்று கல்லை வைத்தால் நெருப்பு நின்று எரியும். பன்னாடையும் கொக்காரையும் (தென்னை, பனையின் காய்ந்த பகுதிகள்) நெருப்புப் பிடிக்க, பாளையும் பொச்சுமட்டையும் கொதிக்க வைக்க, காய்ந்த கட்டை விறகு அவிய வைக்க. இவற்றை மார்கழி நடுவிலேயே கூரை இறப்புக்குள் எடுத்துவைத்துவிட வேண்டும். கோலத்தின் எல்லைக்கோடு வளையாமல் வர உலக்கையைக் கிடத்தி, அதன் ஓரமாக அரிசிமாவைத் தூவுங்கள்.

நேரம் பற்றிக் குழம்பவேண்டாம். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் சில வருசம் வேறு நேரம் காட்டும். உங்கள் ஊர்க்கோயில் எந்தப் பஞ்சாங்கமோ அதையே பாருங்கள். புதுநெல்லரிசிக்கும் அலையவேண்டாம். தை முதலாம் திகதிக்குள் இங்கே காலபோக (மாரிகால நெல்) வெட்டு எல்லா வயலிலும் முடிந்திராது. புதிர் (முதல் நெற்கதிர்) எடுப்பதெல்லாம் தைப்பூசத்தோடுதான். எங்காவது புதுசு கிடைத்தால் தண்ணீரை ஒரு சுண்டு குறையுங்கள், அது சீக்கிரம் குழையும்.

அரிசி போட்டபின் 25 நிமிடமளவு அடியைக் கிண்டிக்கொண்டே இருங்கள். மசிந்ததும் விறகை வெளியே இழுத்துத் தணலில் விடுங்கள். சர்க்கரையை அரைச் சுண்டு சுடுதண்ணீரில் கரைத்து வடித்துத்தான் ஊற்றவேண்டும், மண்ணும் தூசும் இருக்கும். கொதிக்கிற பாலில் ஊற்றினால் சில சர்க்கரை பாலைத் திரைக்கும், அதனால்தான் தணல். முதற்பால் கடைசியில். அதைக் கொதிக்கவிட்டால் எண்ணெய் பிரிந்துவிடும். இறக்கும்போது சற்று இளக்கமாய் இருக்கட்டும், ஆற ஆற இறுகும்.

வெடி கொளுத்துகிற பிள்ளைகளைப் பானையிலிருந்து பத்தடி தள்ளி நிறுத்துங்கள், கடதாசித் துண்டு பறந்து பானைக்குள் விழுவது வழமை. மூன்று வாழையிலையில் சூரியனுக்குப் படைத்ததும், அயலுக்குக் கொடுக்கிற பங்கை முதலே எடுத்துவிடுங்கள். துடக்கு (தீட்டு) என்று பொங்காத வீடு ஒழுங்கையில் இருந்தால் அவர்களுக்கு ஒரு பேணி கூட.

பின்னேரம் வல்வெட்டித்துறையில் பட்டப் போட்டி பார்க்கப் போவதென்றால், போகுமுன் பானையில் சுடுதண்ணீர் ஊற்றிவிட்டுப் போங்கள். அடுத்தநாள் பட்டிப்பொங்கலுக்கும் (மாட்டுப்பொங்கல்) அதே பானைதான் என்றால் சவர்க்காரம் போடவேண்டாம், மண் அதைக் குடித்துவிட்டு நாளைக்குப் பாலில் கக்கும்.