வாசகர் கேள்வி பதில்: மௌனப்படத் தோற்றத்தில் ஒரு தோட்டத்துக் கதை

கேள்வி: 1920களில் மலாயாவுக்குக் கப்பலேறி வந்து பால்மரம் (ரப்பர்) வெட்டிய எங்கள் கொள்ளுப்பாட்டியின் கதையை, அக்காலத்து மௌனப்படம் போலத் தோன்றும் குறும்படமாக எடுத்து வருகிறோம். கைப்பேசியில் எடுத்த காட்சிகளைக் கறுப்பு வெள்ளையாக்கி, கீறல்களைச் சேர்த்து, வேகத்தையும் கூட்டினோம். பார்த்தவர்கள் சிரிக்கிறார்கள். என்ன செய்யலாம்?
(வாசகி, பெஸ்தாரி ஜெயா, மலேசியா)

பதில்: முதலில் அந்த வேகத்தை எடுத்துவிடுங்கள். மௌனப்படக் காலத்துக் கேமராக்கள் பெரும்பாலும் கையால் சுழற்றப்பட்டவை; நொடிக்கு ஏறத்தாழ 16 முதல் 20 பிரேம்கள் (தனித்தனிப் படங்கள்) வரை பதிவாகும், அதுவும் ஒரே சீராக இராது. 1920களின் இறுதியில் பேசும்படம் வந்த பிறகுதான் நொடிக்கு 24 பிரேம் என்பது நிலைபெற்றது. பழைய சுருள்களைப் பிற்காலத்தில் இந்த 24 கணக்கில் ஓட்டியதால்தான் அக்கால மனிதர்கள் எல்லாரும் தத்தித் தத்தி ஓடுவது போல நமக்குத் தெரிகிறார்கள். விடியுமுன் பெரட்டுக்கு (வேலைக்குமுன் ஆளெடுக்கும் அணிவகுப்புக்கு) நின்று, வாளியும் கத்தியுமாக நிரை நிரையாக நடந்த ஒரு பெண்ணின் உழைப்பு கேலிக்கூத்தாகத் தெரிவதற்கு நீங்கள் இடம் கொடுக்கக் கூடாது.

மாறாக, நொடிக்கு 24 பிரேமில் எடுத்து, படத்தொகுப்பில் அதை 18 பிரேமாக மாற்றி, 24 பிரேம் காலவரிசையிலேயே வையுங்கள். அப்போது ஒவ்வொரு மூன்றாவது பிரேமும் இரண்டு முறை காட்டப்படும். நடையின் வேகம் இயல்பாகவே இருக்கும். ஆனால் அசைவில் மெல்லிய தடுக்கல் ஒன்று தோன்றும். பழமையின் உணர்வைத் தருவது அந்தத் தடுக்கல்தான். ஷட்டர் வேகத்தை, அதாவது ஒவ்வொரு பிரேமும் ஒளியை வாங்கும் நேரத்தை, 1/50 நொடியில் நிறுத்திவிடுங்கள். வெயிலில் கைப்பேசியின் போக்கிலேயே விட்டால் அது 1/1000 வரைகூடச் சென்று அசைவுகளைக் கத்தியால் நறுக்கியது போலக் காட்டும். ரப்பர் காட்டின் நிழல் இதற்குப் பெரிதும் உதவும். வெட்டவெளியில் ஒளியைக் குறைக்கும் என்.டி. வடிகட்டி தேவைப்படும்.

அடுத்தது கறுப்பு வெள்ளை. நிறத்தை வெறுமனே நீக்கினால் கிடைப்பது இக்காலத்துக் கறுப்பு வெள்ளை. 1920களின் நடுப்பகுதி வரை பரவலாக இருந்த ஆர்த்தோகுரோமாட்டிக் படச்சுருள் நீலத்தையும் பச்சையையும் உணரும், சிவப்பை உணராது. ஆகவே படத்தொகுப்புச் செயலியின் வண்ணக் கலவையில் சிவப்பைச் சுழியமாக்கி, நீலத்தை 60 விழுக்காடும் பச்சையை 40 விழுக்காடும் வைத்துத் தொடங்குங்கள். நீல வானம் வெளுத்துவிடும், செம்மண் பாதை இருண்டுவிடும், நெற்றியில் இட்ட குங்குமம் கரும்பொட்டாகும். சிவப்புச் சேலை கறுப்பாகவும் வெளிர்நீலச் சேலை ஏறக்குறைய வெள்ளையாகவும் தெரியும் என்பதால், உடைகளைத் தேர்ந்தெடுக்கும் முன் அவற்றை அருகருகே விரித்து இந்தக் கலவையில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மரத்தில் புதிதாக வெட்டிய காயத்திலிருந்து பால் சரிவாக வழிந்து மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) சொட்டும் காட்சியை மிக அருகில் எடுங்கள்; இருண்ட பட்டையின் மேல் அந்த வெள்ளைக் கோடு இந்தக் கலவையில் பெறும் அழகை வேறெந்தக் கலவையிலும் நான் கண்டதில்லை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. நம் மாநிறத் தோல் இந்த முறையில் கூடுதலாகக் கறுத்து, சுருக்கங்களும் தழும்புகளும் எடுப்பாகத் தெரியும். முகத்துக்கு எதிரே வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்து, அதில் பட்டுத் திரும்பும் ஒளியை முகத்தின் மேல் விழச் செய்யுங்கள். கைப்பேசிப் பதிவில் நீலப் பகுதியில்தான் இரைச்சல் புள்ளிகள் மிகுதி என்பதால், வெளிச்சம் குறைந்த இடத்தில் எடுத்த காட்சி இந்தக் கலவையில் தேறாது. விடியற்காலைப் பெரட்டைக்கூடப் பகலில் எடுத்து, பிறகு முழுச் சட்டத்துக்கும் நீலச் சாயம் ஏற்றுங்கள். மௌனப்படக்காரர்களும் இரவுக் காட்சிக்கு நீலமும், விளக்கொளிக்கு மஞ்சள் கலந்த பழுப்பும், தீக்குச் சிவப்பும் ஏற்றியவர்களே.

கீறல்களைப் பெரும்பாலும் நீக்கிவிடுங்கள். அன்றைய படங்கள் திரையிட்ட புதிதில் தெளிவாகவே இருந்தன. நாம் காண்பது பலமுறை ஓடித் தேய்ந்த பிரதிகளை. அவசியம் வேண்டுமென்றால், சுருள் மேலிருந்து கீழாக ஓடுவதால் கீறல் செங்குத்தாகவே விழும், தூசி ஒரு பிரேமில் மட்டும் தோன்றி மறையும் என்பதை நினைவில் வையுங்கள். ஆயத்தமாகக் கிடைக்கும் கீறல் அடுக்குகளில் அதே முடியிழை சில நொடிக்கொருமுறை திரும்பி வருவதைப் பார்வையாளர் கண்டுபிடித்துவிடுவார்.

கேள்வி: காட்சிகளுக்கு இடையே வரும் வசன அட்டைகளைத் தமிழில் வைத்தால் பொருந்துமா?
(அதே ஊர் வாசகர்)

பதில்: தாராளமாகப் பொருந்தும். ஆர். நடராஜ முதலியார் சென்னையில் 1910களின் பிற்பகுதியில் எடுத்த, தென்னிந்தியாவின் முதல் மௌனப்படமாகிய 'கீசக வதம்' தமிழ் அட்டைகளையும் கொண்டிருந்தது. ஆனால் கணினி எழுத்துருவை நாடாதீர்கள். 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவங்களை, அதாவது ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்குத் தும்பிக்கை போன்ற மேல்வளைவு இட்டு, கறுப்பு அட்டையில் வெள்ளை வண்ணத்தால் கையால் எழுதுங்கள். ஊரில் பழைய தமிழ்ப் பாடநூல் வைத்திருக்கும் தாத்தா எவரேனும் இருப்பார். அவரிடம் காட்டித் திருத்தம் கேளுங்கள். அட்டையை உரக்க, நிதானமாக வாசித்து முடிக்கும் வரை திரையில் நிறுத்துங்கள்.

கேள்வி: எங்களைச் சுற்றிலும் இப்போது செம்பனைதான் (எண்ணெய்ப்பனை). பின்னணியில் தெரிந்தால் குற்றமா?
(தோட்டத்து இளைஞர்)

பதில்: இந்தக் கதைக்குக் குற்றமே. கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917லேயே செம்பனை வணிக முறையில் நடப்பட்டது உண்மைதான். ஆயினும், 1920களில் நம் மக்கள் வெட்டியது ரப்பர். எஞ்சியிருக்கும் ரப்பர் துண்டு நிலத்தை உரிமையாளரின் அனுமதியோடு பயன்படுத்தி, 4:3 சட்டத்தில் (அகலம் நான்கு பங்கு, உயரம் மூன்று பங்கு), முக்காலியில் அசையாமல் நிறுத்திய கேமராவால், ஆட்களைத் தலை முதல் கால் வரை தெரியும்படி எடுங்கள். சட்டம் குறுகலாக இருப்பதால் ஓரத்துச் செம்பனைகளையும் மின்கம்பங்களையும் எளிதில் தவிர்க்கலாம். டிரோன் வேண்டாம். நெகிழி வாளிகளுக்குப் பதிலாகத் தகர வாளிகளும், பீங்கான் மங்குகளும் வீடுகளில் எங்கேனும் கிடக்கின்றனவா எனப் படப்பிடிப்புக்கு முன்பே கேட்டு வாங்கி வையுங்கள்.