பென்னிகுயிக்: குயில் கூவிய குன்று

கேள்வி: முல்லைப்பெரியாறு அணையைக் கட்டியவர் நினைவாக மகனுக்கு பென்னிகுயிக் என்று பெயர் வைத்தோம். பிறப்புச் சான்றிதழில் அப்படியே இருக்கிறது, ஆதாரில் மட்டும் பென்னிகுக் என்று வந்துவிட்டது. எது சரி? அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்?
- ஒரு வாசகி, கம்பம்

பதில்: முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், அவருடைய சொந்தப் பெயர் ஜான். பென்னிகுயிக் குடும்பப்பெயர், அதுவும் ஓர் ஊரின் பெயர். ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்குத் தெற்கே சுமார் 16 கிலோமீட்டரில், பென்ட்லாந்து மலைகளின் அடிவாரத்தில் அந்த ஊர் இன்றும் இருக்கிறது. அந்தப் பெயர் வந்த காலத்தில் அங்கே பேசிய மொழி ஆங்கிலம் இல்லை, வெல்ஷ் மொழிக்கு நெருங்கிய உறவான ஒரு பழைய மொழி. அதில் 'பென்' என்றால் தலை, குன்றின் உச்சி. 'கோக்' என்றால் குயில். குயில் குன்று! ஆங்கிலத்தில் 'பென்னி' என்றால் காசு, 'குக்' என்றால் சமையல்காரர்; அந்த இரண்டுக்கும் இதில் சம்பந்தமே கிடையாது. நம் 'குயில்' மாதிரியே ஒலிப்பது தற்செயல்தான், ஆனாலும் எனக்கு அது தெரிந்த நாளிலிருந்து இந்தப் பெயர் இன்னும் பிடித்துப்போயிற்று.

இது ஏன் இவ்வளவு அரிதான பெயர் என்றால், ஸ்மித் என்ற ஆங்கிலக் குடும்பப்பெயரைப் பாருங்கள்: ஸ்மித் என்றால் கொல்லர், கொல்லர் இல்லாத ஊரே கிடையாது, அதனால் அந்தப் பெயர் ஆயிரம் இடத்தில் தனித்தனியாக முளைத்தது. இதுவோ ஒரே ஊரிலிருந்து வெளியே போனவர்களுக்கு, 'அந்த ஊர்க்காரர்' என்று மற்றவர்கள் வைத்தது. அப்புறம் குடியேறியவர்களோடு கனடா, ஆஸ்திரேலியா வரை போனது. நம் ஜான்கூட 1841-ல் புனேயில் பிறந்தவர், அப்பா ராணுவ அதிகாரி.

சரி, எழுத்து விஷயம். ஊர்க்காரர்கள் அந்த ஊரை 'பெனிகுக்' என்றுதான் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் எழுதுபவர் காதில் விழுந்தபடி எழுதியதால் ஆங்கிலத்திலேயே நாலைந்து விதமாக இருக்கிறது. நாம் எழுத்தைப் பார்த்துப் படித்ததால் 'குயிக்' ஆயிற்று. ஆகவே இரண்டுமே பிழையில்லை. ஆனால் ஜனவரி 15-ல், அவர் பிறந்தநாளில், உங்கள் பக்கத்து ஊர்களில் பொங்கல் வைத்து பென்னிகுயிக் என்றுதானே கூப்பிடுகிறார்கள்? அதையே வைத்துக்கொள்ளுங்கள். பையன் பள்ளிக்கூடத்தில் சேருவதற்குள் பிறப்புச் சான்றிதழைக் காட்டி ஆதாரைத் திருத்திவிடுங்கள்.