நூலகத்தில் பேசலாமா?

மின்னூலகங்களைப் பற்றி எழுதுங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். கேட்டதைவிட அதிகமாகவே எழுதிவிட்டீர்கள். சிலவற்றுக்கு இங்கே பதில்.

எங்கள் கல்லூரியின் பழைய நூல்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிவிட்டோம். விருப்பக் குறி, கருத்துப் பெட்டி, அரட்டை அறை எல்லாம் வேண்டும் என்கிறது நிர்வாகக் குழு. அம்மா, எதில் தொடங்குவது?
*– ஒரு நூலகர், கும்பகோணம்*

அரட்டை அறை வேண்டவே வேண்டாம். கருத்துப் பெட்டிக்கும் கொஞ்சம் பொறுங்கள். அண்மையில் ஒரு மின்னூலகத்தைப் பார்வையிட்டேன், பெயர் எதற்கு? ஒவ்வொரு நூலின் அடியிலும் ‘முதல் கருத்து உங்களுடையதாக இருக்கட்டும்’ என்ற அழைப்பு. அதை ஏற்று வந்திருந்தவர் ஒரே ஒருவர். அவரும் உடனடிக் கடன் தருவதாகச் சொல்லிவிட்டுத் தொலைபேசி எண்ணை வைத்துவிட்டுப் போயிருந்தார்.

சிறிய நூலகத்தில் ஒரே நூலை இரண்டு பேர் ஒரே சமயத்தில் படிப்பதே அபூர்வம். அவர்களுக்குள் உரையாடல் எங்கிருந்து வரும்? பேசச் சொல்லாதீர்கள், வேலை கொடுங்கள். தமிழ் வாசகர் வேலைக்கு வருவார் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. 1998 பொங்கலன்று, தமிழ் இலக்கியங்களைத் தன்னார்வலர்களே இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டம் தொடங்கியபோது சமூக ஊடகம் என்ற பேச்சே கிடையாது. சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, ஒரு நாட்டில் இருப்பவர் தட்டச்சு செய்தார். முகம் பார்த்திராத இன்னொருவர் வேறொரு நாட்டில் மெய்ப்பு பார்த்தார். சங்க இலக்கியம் இணையத்துக்கு வந்தது அப்படித்தான்.

ஆகவே உங்கள் முதல் வசதி இதுவாக இருக்கட்டும்: ஒரு பக்கம் ஸ்கேன் படம், அதன் அருகிலேயே கணினி படித்தெடுத்த எழுத்து, அதை வாசகரே திருத்தும் வழி. ஏன் என்று கேட்பீர்கள். ‘வெளி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் எழுத்துணரி நிரல் அதில் உள்ள கொம்பு, வ, ள மூன்றையும் சேர்த்து ‘வௌ’ என்று கொண்டு, மிச்சமிருக்கும் இகரக் குறியைத் தனியே ஒட்டிவிடும். திரையில் பார்த்தால் ‘வௌி’ என்று ஏறக்குறைய அதேபோல்தான் தெரியும். ஆனால் ‘வெளி’ என்று தேடினால் அந்தப் பக்கம் அகப்படாது. வெளியீடு, வெளிச்சம், வெளிநாடு எல்லாவற்றுக்கும் இதே கதி. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சென்றால் இன்னும் கொண்டாட்டம்: பழைய வடிவ ணை, லை, னை, றா ஆகியவற்றை நிரல் எப்படியெல்லாம் படிக்கும் என்று ஊகிக்கவே முடியாது. நூல் இணையத்தில் இருக்கும், தேடுகிறவருக்கு இருக்காது. இதைக் கண்டுபிடிக்கப் படிக்கிற மனிதர் ஒருவர் வேண்டும். அவர் கண்ணில் பட்ட நொடியிலேயே திருத்த முடிய வேண்டும். ‘மின்னஞ்சல் அனுப்புங்கள்’ என்று எழுதி வைத்தால் அனுப்ப மாட்டார். நானே அனுப்ப மாட்டேன்.

யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று கதவைத் திறந்துவிட்டால் விஷமிகள் வந்து கெடுத்துவிட மாட்டார்களா?
*– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பாளையங்கோட்டை*

ஐயா, இந்தப் பயம் ஆஸ்திரேலிய தேசிய நூலகத்துக்கும் இருந்திருக்கும். 2008இல் தங்கள் பழைய நாளிதழ்களை இணையத்தில் வைத்தபோது, பதிவு செய்துகொள்ளாதவர்கள்கூட வரி வரியாகத் திருத்தலாம் என்று விட்டார்கள். முன் அனுமதி கிடையாது. திருத்தம் உடனே ஏறிவிடும். பின்னால் ‘ட்ரோவ்’ என்ற பெயரில் வளர்ந்த அந்தச் சேவையில் இதுவரை கோடிக்கணக்கான வரிகளைப் பொதுமக்கள் திருத்தியிருக்கிறார்கள். விஷமத்தால் திட்டம் நின்றுவிடவில்லை. வந்தவர்களில் குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் ஏராளம். தன் கொள்ளுத்தாத்தாவின் இறப்புச் செய்தியைத் திருத்த வந்தவர், பக்கத்துப் பத்தியையும் திருத்திவிட்டுப் போனார். யார் எந்த வரியை எப்போது மாற்றினார் என்ற வரலாறு அங்கேயே இருக்கும். 1890ஆம் ஆண்டுச் சந்தை நிலவரத்தைக் கெடுத்துப் பெயர் வாங்க யாருக்கு ஆசை வரும், சொல்லுங்கள்.

கொஞ்சம் கட்டுப்பாடு வேண்டும் என்று நீங்கள் நினைத்தால், விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பான விக்கிமூலம் என்ற திறந்த மின்னூலகத்தின் முறையைப் பாருங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகம் கொடுத்த நாட்டுடைமை நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் அங்கே இருக்கின்றன. என் காலை நேரம் போவது அங்கேதான். கை படாத பக்கம் சிவப்பு. ஒருவர் மெய்ப்பு பார்த்ததும் மஞ்சள். இரண்டாமவர் சரிபார்த்தால் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது, நிரல் விடாது. எத்தனை பெரிய புலவராக இருந்தாலும் இதே விதிதான். என் மஞ்சள் பக்கங்களைப் பச்சையாக்குகிறவரை நான் பார்த்ததில்லை. நான் விட்ட ஒற்றுப் பிழைகளை அவர் விடுவதில்லை, எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஒரு கருத்துப் பெட்டியும் இல்லாமல் எங்களுக்குள் அப்படியொரு பழக்கம் உண்டாகிவிட்டது.

நூல்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் வசதி வைக்கலாமா?
*– கல்லூரி மாணவி, திருச்சி*

திருக்குறளுக்கு மூன்றரை நட்சத்திரம் விழுந்தால் உங்கள் ஊரில் போராட்டம் நடக்கும். வேண்டாம்.

வாசகர்களே குறிச்சொற்கள் சேர்க்கும் முறை வந்தால், நாங்கள் பாடுபட்டுச் செய்த பொருட்பகுப்பு என்ன ஆவது?
*– பொது நூலக ஊழியர், விருதுநகர்*

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. வாழ்நாள் முழுவதும் நூல்களைப் பொருள்வாரியாகப் பிரித்துப் பகுப்பெண் போட்டவள் நான். பகுப்பு அப்படியே இருக்கட்டும். வாசகரின் சொல் அதன் பக்கத்தில், வேறு நிறத்தில், வேறு இடத்தில் இருக்கட்டும். இரண்டும் தேடலில் அகப்பட்டால் போதும்.

உங்கள் மாவட்டத்து விவசாயி ஒருவர் வந்து ‘கண்மாய்’ என்று தேடுவார். நூலக அட்டவணையில் ‘நீர்ப்பாசனம்’ என்று இருக்கும். செங்கல்பட்டுக்காரர் ‘ஏரி’ என்பார். இத்தனையையும் முன்கூட்டியே யோசித்து எழுத எந்த நூலகராலும் ஆகாது. ஏற்கெனவே படித்து முடித்தவர் போகிற போக்கில் ஒரு சொல்லைப் போட்டுவிட்டுப் போனால், அடுத்தவருக்கு வழி திறக்கிறது.

அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகர நூலகம் 2007இலேயே தன் அட்டவணையில் குறிச்சொல், மதிப்புரை, மதிப்பெண் எல்லாவற்றையும் அனுமதித்தது. ஆனால் ஒரு சிறிய நூலகம் தனியாகச் செய்தால் சொற்கள் சேராது, குறைந்த பேர்தான் வருகிறார்களே. அதே ஆண்டில் ‘லைப்ரரிதிங்’ நிறுவனம் ஒரு வழி செய்தது: தன் உறுப்பினர்கள் தங்கள் வீட்டு அலமாரி நூல்களுக்கு எழுதிவைத்த குறிச்சொற்களை நூலகங்களின் அட்டவணைகளுக்குள் கொண்டுவந்தது. தமிழ்நாட்டு நூலகங்களும் இதை மாவட்டத்துக்கு மாவட்டம் தனித்தனியாகச் செய்யாமல் ஒரே பொதுக் கிணற்றில் நீர் இறைத்தால் நல்லது. நடக்குமா என்று கேட்காதீர்கள். ஒரே மாதிரியான உறுப்பினர் அட்டைக்கே நாம் கூட்டம் போடுகிற ஆட்கள்.

என்னிடம் பழைய யாழ்ப்பாணப் படங்கள் சில இருக்கின்றன. யாரென்று தெரியாத முகங்கள். இணையத்தில் போட்டால் யாராவது சொல்வார்களா?
*– ஒரு வாசகர், டொரோண்டோ*

சொல்வார்கள். 2008 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் சுமார் மூவாயிரம் பழைய படங்களை ஃப்ளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தில் வைத்து, தெரிந்ததைச் சொல்லுங்கள் என்றது. கண்ணாடித் தகட்டின் ஓரத்தில் அரைகுறையாகக் கீறப்பட்ட ஒரு பெயரைத் தவிர வேறெதுவும் இல்லாத படங்கள் பல. பொதுமக்கள் பழைய நாளிதழ்களைத் தேடிப்பிடித்து, இது இன்ன நாள், இன்ன ஊர் என்று ஆதாரத்தோடு எழுதினார்கள். நான் முக்கியமாக நினைப்பது அதற்குப் பிறகு நடந்தது. நூலக ஊழியர்கள் அந்தத் தகவலைச் சரிபார்த்து, தங்கள் அட்டவணையிலேயே ஏற்றி, எங்கிருந்து வந்த தகவல் என்ற குறிப்பையும் போட்டார்கள். தான் சொன்னது அட்டவணைக்குள் போயிற்று என்று தெரிந்தவர் மறுபடியும் வருவார்.

ஈழத்துப் படங்களுக்கு, 2005 முதல் இயங்கிவரும் ‘நூலகம்’ என்ற பெயர்கொண்ட அமைப்பின் ‘ஆவணகம்’ என்ற இணையக் காப்பகம் இருக்கிறது. அங்கே கேளுங்கள். படத்தின் பின்புறத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டுடியோ முத்திரை, பென்சில் எழுத்து, ஒட்டுத் தாளின் தடம் எல்லாமே அங்கேதான் இருக்கும். உயிரோடு இருப்பவர்களின் படங்களென்றால் அவர்களைக் கேட்ட பிறகு.

நான் என்னென்ன படித்தேன் என்பதை நண்பர்களுக்குக் காட்டும் வசதி ஒரு மின்னூலகத்தில் தானாகவே இயங்குகிறது. இது சரியா?
*– பெயர் வேண்டாம், சேலம்*

சரியே இல்லை. வாசகரின் அந்தரங்கத்தைக் காப்பது நூலகரின் கடமை என்று அமெரிக்க நூலகச் சங்கம் 1939இலேயே தன் நெறிமுறையில் எழுதிவைத்தது. விவாகரத்துச் சட்டமோ புற்றுநோயோ பற்றி ஒருவர் படிக்கிறார் என்பது அவர் வீட்டுக்கே தெரியாமல் இருக்கலாம். வாசிப்புப் பட்டியல் மூடியே இருக்க வேண்டும். திறக்க விரும்புகிறவர் திறந்துகொள்ளட்டும். ‘இதைப் படித்தவர்கள் இதையும் படித்தார்கள்’ என்று பெயரில்லாமல் காட்டலாம் என்பார்கள். பெரிய நூலகத்தில் சரி. மொத்தம் மூன்று பேர் படித்த நூலுக்கு அப்படிக் காட்டினால் அந்த மூவரும் யாரென்று ஊரே சொல்லிவிடும்.

நீங்கள் பெயர் போடாமல் கேட்டதிலேயே பதில் இருக்கிறது. அந்த வசதியை நிறுத்தும் பொத்தான் பெரும்பாலும் ‘அமைப்புகள்’ பகுதியின் அடியில் இருக்கும். அகப்படவில்லை என்றால் நூலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். உங்கள் பட்டியலை அழித்துத் தரும்படியும் அதிலேயே சேர்த்துக் கேளுங்கள்.