பிட்ஸ்பர்க்கில் மகனைக் கால்பந்து அணியில் சேர்க்கலாமா?

தம்பி, ஊருக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். பதினான்கு வயது மகனின் உடல்வாகைப் பார்த்துப் பள்ளிப் பயிற்சியாளர் அமெரிக்கக் கால்பந்துக்குக் கூப்பிடுகிறார், ஆரன் டொனால்ட் போல வருவான் என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த டொனால்ட் யார், மகனை அனுப்பலாமா என்பது உங்கள் கேள்வி.

டொனால்ட் 1991இல் இந்த ஊரில் பிறந்தவர். வெங்கடேஸ்வரர் கோயிலுக்காக நாமெல்லாம் போகிறோமே பென் ஹில்ஸ், அங்குள்ள உயர்நிலைப் பள்ளியில்தான் ஆடினார். விடியற்காலை நாலரை மணிக்கு அப்பா எழுப்பிவிடுவாராம். வீட்டின் அடித்தளத்தில் எடை தூக்கிய பிறகுதான் பள்ளிக்கூடம். அடுத்து பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம்.

அவர் ஆடியது டிஃபென்சிவ் லைனில், அதாவது தடுக்கும் அணியின் முன்வரிசையில். பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேறியாக வேண்டும். இவர்கள் குனிந்து கையைத் தரையில் ஊன்றிக் காத்திருப்பார்கள். பந்து அசைந்த நொடியில் எதிரே நிற்கும் நூற்று நாற்பது கிலோ ஆளை விலக்கிக்கொண்டு போய், பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை அவர் எறிவதற்கு முன்பே வீழ்த்த வேண்டும். அதற்குப் பெயர் சாக். ஆட்டம் முடியும்வரை பந்தில் இவர்கள் கை படாமலே போகலாம். தொலைக்காட்சியில் எல்லோரும் பந்தின் பின்னால்தான் கண்ணை ஓட்டுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இந்த வரிசையை மட்டும் பாருங்கள். ஆட்டம் புரியத் தொடங்கிவிடும்.

ஆறடி ஓர் அங்குலம் என்பது இந்த வேலைக்குக் குள்ளம். 2014 டிராஃப்டில், அதாவது தொழில்முறை அணிகள் புது ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், பன்னிரண்டு பேருக்குப் பிறகே டொனால்டை எடுத்தார்கள். எடுத்த அணி செயின்ட் லூயிஸ் ராம்ஸ். எந்த ஊரில் வாழ்வது என்று ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்க முடியாது. நம் விசா குலுக்கல் அளவுக்கு இல்லாவிட்டாலும் அதுவும் ஒருவகை விதிதான். 2016இல் அந்த அணியே லாஸ் ஏஞ்சலிஸுக்கு இடம்பெயர்ந்தது, இவரும் கூடவே போனார். 2017, 2018, 2020 என மூன்று முறை ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது. 2018இல் மட்டும் இருபதரை சாக் (இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்கு அரை). அந்த ஆண்டில்தான் 13.5 கோடி டாலர் ஒப்பந்தமும் கிடைத்தது. 2022 சூப்பர் பவுலில், அதாவது பருவத்தின் இறுதிப் போட்டியில், சின்சினாட்டி அணியின் கடைசி நம்பிக்கையாக இருந்த குவார்ட்டர்பேக் ஜோ பரோவைப் பிடித்துச் சுழற்றி, பந்தை வீணாக எறியவைத்தவரும் இவர்தான். ராம்ஸ் 23–20 என்று வென்றது. 2024 மார்ச்சில், முப்பத்திரண்டு வயதில், விலகிக்கொண்டார். பத்து பருவங்கள், 111 சாக். இன்னும் ஆடும் வலு இருக்கும்போதே விலகியதுதான் எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது.

பயிற்சியாளர் சொல்லாத கதை ஒன்றும் இதே ஊரில் இருக்கிறது. பிட்ஸ்பர்க்கின் ஸ்டீலர்ஸ் அணிக்கு நான்கு சூப்பர் பவுல் வென்று தந்த முன்வரிசைக்காரர் மைக் வெப்ஸ்டர், மனம் குழம்பி அல்லல்பட்டு, 2002இல் ஐம்பது வயதில் இறந்தார். அவருடைய மூளையை ஆராய்ந்து, பல்லாண்டு மோதல்களால் வரும் சிதைவைக் கண்டுபிடித்தவர் பென்னட் ஒமாலு. நைஜீரியாவிலிருந்து வந்து இங்கே பிணக்கூறாய்வு மருத்துவராக இருந்தவர். 2005இல் அது கட்டுரையாக வெளிவந்தபோது, அதைத் திரும்பப் பெறச் சொல்லி தொழில்முறை கால்பந்து லீக்கின் மருத்துவக் குழுவே கேட்டது. ஒருமுறை மயங்கி விழுவதைவிட, முன்வரிசையில் ஒவ்வொரு ஆட்டத்திலும் விழும் சின்னச் சின்ன இடிகள்தான் எனக்குக் கவலை.

ஆகவே என் கருத்து: நண்பர்களுக்காகவும் உடற்பயிற்சிக்காகவும் பள்ளிக்காலம் மட்டும் ஆடட்டும், அதுவும் அவனே ஆசைப்பட்டால். விளையாட்டு உதவித்தொகையால் கல்லூரிச் செலவு மிச்சமாகும் என்று கணக்குப் போட்டு அனுப்பாதீர்கள். அந்தப் பணம் கிடைப்பவர் வெகு சிலர். உடம்பு எடையைக் கூட்டு என்று யாராவது அவனிடம் சொன்னால், குழந்தை மருத்துவரைக் கேட்காமல் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

சேர்ப்பதற்கு முன் பள்ளியில் இரண்டு கேள்வி கேளுங்கள். பயிற்சி நாட்களிலும் களத்தில் தகுதிபெற்ற காயப் பராமரிப்பாளர் இருப்பாரா? வாரத்தில் எத்தனை நாள் முழு மோதலோடு பயிற்சி நடக்கும்? மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே ஆட்டத்திலிருந்து வெளியே எடுக்க வேண்டும், மருத்துவர் எழுத்தில் அனுமதிக்கும்வரை திரும்பவிடக் கூடாது என்று பென்சில்வேனியாவில் சட்டமே இருக்கிறது. பையன்கள் தலைவலியை மறைப்பார்கள். அதை வீட்டில்தான் கேட்டு வாங்க வேண்டும். ஆகஸ்ட் வெயிலில் பயிற்சி தொடங்கிவிடும், அதற்குள் முடிவு செய்யுங்கள்.